ஸ்டேஷனுக்குப் போன கல்யாண ஆல்பம்

முருகன் துணை

திருத்தணி,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் பெண்சாதி தேவயானி எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் கிறுக்குகிறாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள். போனில் பேசுவதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று என் தம்பி ராஜீவ் சொல்கிறான். அதெல்லாம் சும்மா என்று உங்கள் தம்பி பங்காரு சொல்கிறான். யார் சொல்வது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஒரு வாரமாக நீங்கள் போன் பண்ணும்போதெல்லாம் ஆங், சாப்பிட்டேன், பாப்பா தூங்குது என்று சொல்லி வைத்துவிடுகிறேன். உங்களுக்குக் கோபம் என்று தெரியும். உங்களோடு வேலை பார்க்கிற சுப்பன் லீவு முடிந்து சூரத்துக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு வருவதாக டிக்கெட் எடுத்துவிட்டீர்கள். பாப்பாவை ராஜீவ் மடியில் உட்கார வைத்து முதல் மொட்டை, கூடவே உங்களுக்கும் மொட்டை என்று போன வருஷமே வேண்டிக்கொண்டது. பாப்பா பிறந்ததும் பார்த்துவிட்டுப் போனவர், இத்தனை மாசம் கழித்து வருகிறீர்கள். இப்போது உங்களை வாங்க என்று சொல்வதா, வரவே வேண்டாம் என்று சொல்வதா என்று தெரியாமல் தலை சுற்றுகிறது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கே தப்பு என்று உங்களுக்காவது பிடிபடுகிறதா பாருங்கள்.

போன தை மாசம் நம் காலனி முனையில் கேமரா கம்பம் நட்டார்கள் என்று போனில் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? தெருவிளக்குக்கு மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போனோம். சாக்கடைக்கு அளந்துகொண்டு போனவர்கள் திரும்பி வரவே இல்லை. அப்படியிருக்கும்போது பெரிய தெருவுக்கே இல்லாத ஒன்று நமக்கு முதலில் வந்துவிட்டது என்று யாருக்கும் தலைகால் புரியவில்லை. அத்தை கம்பத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இனிமேல் காலனிக்குத் திருட்டு பயமில்லை என்று பேசிக்கொண்டோம்.

பங்காருவுக்குக் கம்பெனியில் வேலை நிரந்தரமானதைச் சொன்னேன் அல்லவா? அதற்கு வேண்டிக்கொண்டபடி போன கிருத்திகைக்கு மலைக்குப் போய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தான். மறுநாள் விடிகாலையில் ரயில் பிடிக்கக் கம்பத்தைத் தாண்டி நடந்திருக்கிறான். தினமும் போகிற வழிதான். அன்றைக்கென்று பார்த்துப் பெரிய தெருவில் ஒருவர் வீட்டு வாசலில் நின்ற புது பைக்கைக் காணோம். பெரிய தெருவில் பைக் போனால் நம் தெரு கேமராவை ஏன் பார்க்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே கேமரா இல்லை, அதனால் இருக்கிற கேமராவைப் பார்த்தார்களாம். பார்த்தால் மொட்டைத் தலையோடு பங்காரு போகிறான். அந்த முகத்தைப் போலீஸ் போனில் இருக்கும் ஏதோ ஆப்பில் போட்டார்களாம். அது எங்கிருந்தோ ஒரு பழைய போட்டோவை இழுத்து வந்து பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே ஆள் என்று சொல்லிவிட்டது. அந்தப் பழைய போட்டோவில் இருப்பது நீங்கள்.

பதறாதீர்கள். நம் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாவின் சங்கிலி காணாமல் போய், பஸ் ஸ்டாண்டில் நின்ற நம் காலனிப் பையன்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அந்தப் போட்டோதான். கேஸ் கீஸ் ஒன்றும் இல்லை, பெயர் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், ஓசியில் போட்டோ வேறு பிடித்தார்கள் என்று நீங்களே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அதை ஸ்டேஷனில் அந்தப் போனில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. மொட்டைத் தலை, சந்தனம், பின்னால் அழுக்குச் சுவர். போட்டோ என்றதும் நீங்கள் சிரித்திருக்கிறீர்கள் பாவா. எந்தத் திருடனாவது போலீஸ் எடுக்கும் போட்டோவுக்குப் பல் தெரியச் சிரிப்பானா?

நான், அத்தை, ராஜீவ் மூன்று பேரும் ஓடினோம். பங்காருவைச் சட்டையில்லாமல் ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை என்று சொன்னான். நான் மறுபடி கேட்கவில்லை. பேரை மாத்திக்கினு சுத்தறியா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். ஆதார் கார்டைக் காட்டியிருக்கிறான். அப்பன் பெயர் பெருமாள், அந்தப் பழைய பதிவிலும் பெருமாள். தெரு அதே தெரு. முகம் அதே முகம். பெயர் மட்டும் வேறென்றால் எப்படி என்று கேட்டார்களாம். அத்தை ஏட்டு ஆதிகேசவனிடம் போய், ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு முகம் ஒன்றாகத்தானே சார் இருக்கும் என்று அழுதார்கள். அவர் கெட்டவர் இல்லை. அத்தைக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் போனைத் தட்டிக் காட்டி, "நான் சொல்லலம்மா, மெஷின் சொல்லுது" என்றார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையைத்தான் இன்றைக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து திட்டுகிறார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று நிரூபிக்க, இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற போட்டோ வேண்டும். வீட்டுக்கு ஓடி, பீரோ மேலிருந்த நம் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்டோமே, அந்தப் பக்கத்தைத் திறந்து, இதோ என் வீட்டுக்காரர், இதோ பங்காரு என்று காட்டினேன். ஆதிகேசவன் பார்த்தார், இரண்டு பேருதான் என்று சிரித்தார், பங்காருவிடம் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆல்பத்தை மூடப் போனேன். இரும்மா என்று சொல்லி அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தார். பிளாஸ்டிக் மேல் வெளிச்சம் அடிக்கிறது என்று நானே ஆல்பத்தைச் சாய்த்துப் பிடித்தேன். யார் யார் என்று கேட்டார். இது என்னைப் பெற்ற நைனா, இது ராஜீவ், இது சின்ன அத்தை வீட்டுக்காரர் என்று விரல் வைத்து ஒவ்வொருவராகச் சொன்னேன். கல்யாணத்துக்கு வராதவர்களுக்கு ஆல்பம் காட்டுவது போலப் பெருமையாகச் சொன்னேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

வெளியே வந்ததும் ராஜீவ் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு முகத்தை மீட்கப் போய் மொத்தக் குடும்பத்தின் முகத்தையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய் என்றான். அந்தப் படத்தை ஆதிகேசவன் மெஷினில் போட்டாரா, சும்மா போனில் வைத்திருக்கிறாரா, அன்றைக்கே அழித்துவிட்டாரா, ஒன்றும் தெரியாது. தெரியாததுதான் பெரிய தொல்லையாக இருக்கிறது. சின்ன அத்தை போனிலேயே என்னோடு சண்டை போட்டுவிட்டார்கள். நைனா நேற்று முகச்சவரம் பண்ணிக்கொள்ளாமல் இருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, அடையாளம் கொஞ்சம் மாறட்டுமே என்றார். சுப்பன் கூட அந்தப் போட்டோவில் பின்வரிசையில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான். அவனிடம் இன்னும் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

ஸ்டேஷனை விட்டு வரும்போது ஆதிகேசவன் உங்களைப் பற்றிக் கேட்டார். எங்கே வேலை, எப்போது வருவார் என்று. ஆடிக்கு வருவார் என்று நான்தான் சொன்னேன். "வந்தா ஒரு தபா ஸ்டேஷன்ல தலையைக் காட்டிட்டுப் போவச் சொல்லும்மா, சும்மாதான்" என்றார். அந்தச் சும்மாவுக்கு என்ன அர்த்தம் பாவா? நிஜமாகவே சும்மாவாகவும் இருக்கலாம். பங்காருவையும் அன்றைக்குச் சும்மா ஒரு விசாரணை என்றுதான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றும் கேட்டேன். அங்கே கம்ப்யூட்டரில் சுற்றுவட்டாரத்தின் வரைபடம் ஒன்று திறந்திருந்தது. நம் காலனி இருக்கும் இடம் மட்டும் மிளகாய்ப் பொடி கொட்டினது போலச் சிவப்பாக இருந்தது. பெரிய தெரு சுத்தமாக வெள்ளை. இது என்ன என்று கேட்டதற்கு, எங்கே பதிவு அதிகமோ அங்கே சிவப்பு, சிவப்பு இருக்கும் இடத்தில்தான் கேமரா வைக்கச் சொல்லி மேலே இருந்து உத்தரவு என்றார். அந்த வருஷம் கேஸ் இல்லாமல் அனுப்பின பையன்களும் அதில் சேர்த்தியா என்று கேட்டேன். "பதிவு பதிவுதாம்மா" என்றார்.

அதிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஒரு புள்ளி. உங்களோடு வேனில் ஏறினவர்கள் எல்லாம் ஒவ்வொரு புள்ளி. அதனால் கேமரா. கேமராவில் பங்காரு விழுந்தான், இப்போது அவனும் ஒரு புள்ளி. பெரிய தெரு கொட்டகையில் சேவல் கட்டிப் பந்தயம் விடுவதும், ராத்திரியில் மணல் லாரி போவதும் ஊருக்கே தெரியும். அங்கே புள்ளி கிடையாது. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்பார்கள். அகப்பையை நம் சட்டியில் மட்டுமே விட்டுக்கொண்டிருந்தால் மற்றச் சட்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நான் நினைப்பது சரியா தப்பா என்று தெரியவில்லை. சரிதான் என்று ராஜீவ் சொல்கிறான். ஆனால் டிவிக்குள்ளும் கேமரா வைத்திருக்கிறார்கள் என்று சொல்கிறவனும் அவன்தான், அவன் சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது?

பைக் கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள். பெரிய தெருக்காரரின் மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு நகரியில் சினேகிதன் வீட்டுக்குப் போயிருந்தானாம். இப்போது வண்டி பழைய இடத்திலேயே நிற்கிறது. மச்சானை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, குடும்ப விஷயமாம். மார்க்கெட்டில் ஆதிகேசவனைப் பார்த்தபோது, இனி பங்காரு பெயரை எடுத்துவிடுவீர்கள் அல்லவா என்று கேட்டேன். அதெல்லாம் மேலேதான் கேட்க வேண்டும் என்று கத்திரிக்காயைப் பொறுக்கினார். மெஷின் தப்பு பண்ணிவிட்டதே சார் என்றேன். அதற்கு அவர், தப்பு எங்கே பண்ணிச்சு, அண்ணன் தம்பின்னு கரெக்டா கண்டுபுடிச்சிருக்குது பாரு என்றார்.

இதில் பங்காரு பாடுதான் பாவம். கம்பெனியில் யாரோ சொல்லிவிட்டார்கள். கேஸ் ஒன்றும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து எழுதி வாங்கிக்கொண்டு வா, பிறகு வேலைக்கு வா என்கிறார்கள். ஸ்டேஷனில் போய்க் கேட்டால், கேஸே இல்லாதவனுக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்கிறார்கள். இவனும் நடந்துகொண்டிருக்கிறான். கம்பத்தைத் தாண்டப் பயந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போனான். வழியில் ரோந்துப் போலீஸ் நிறுத்தி, நேர் வழி இருக்கும்போது எதற்குச் சுற்றிப் போகிறாய் என்று கேட்டார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். "அண்ணி, நான் எந்தப் பக்கம்தான் போறது?" என்று கேட்டான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. கடைசியில் பால் பொங்கிவிட்டது என்று அடுப்பைத் திட்டினேன்.

பாப்பா எழுந்துவிட்டாள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

சனிக்கிழமை.

பாவா, நேற்று எழுதினதைத் திரும்பப் படித்தேன். பயமுறுத்துவது போல இருக்கிறது, ஆனால் எதை அடிப்பது என்று தெரியவில்லை, எல்லாம் நடந்ததுதான்.

நீங்கள் வருவதைப் பற்றி வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மடியில் கனமில்லை, வழியில் பயமென்ன, வரட்டும் என் பிள்ளை என்கிறார்கள் அத்தை. பங்காரு மடியில் மட்டும் என்ன கனம் இருந்தது? நைனா, வரவே வேண்டாம், அங்கேயே ஏதாவது முருகன் கோயிலைப் பார்த்து மொட்டை போட்டுக்கொள்ளட்டும் என்கிறார். திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டதைச் சூரத்தில் செலுத்தினால் அவன் கணக்கில் ஏறுமா? தாடி வளர்த்துக்கொண்டு வந்தால் மெஷின் குழம்பிவிடும், ஆனால் மொட்டை போடக்கூடாது என்கிறான் ராஜீவ். வேண்டுதலே மொட்டைதானே? கிருத்திகை அன்று மலை முழுக்க மொட்டைத் தலையும் சந்தனமுமாகத்தான் இருக்கும், அந்தக் கூட்டத்தில் உங்களைத் தனியாக யார் கண்டுபிடிப்பார்கள் என்று ஒரு நேரம் தைரியம் வருகிறது. போன தடவை உங்களைப் பிடித்ததும் அதே கூட்டத்தில்தான் என்று அடுத்த நிமிஷம் அந்தத் தைரியம் போய்விடுகிறது. வந்து நேராக ஸ்டேஷனுக்கே போய்த் தலையைக் காட்டிவிடலாமா? காட்டினால் முடிந்துவிடுமா, இல்லை அங்கிருந்துதான் ஆரம்பமா? வக்கீல் யாரையாவது கேட்கலாம் என்றால், கேட்டாலே ஏதோ பண்ணிவிட்டோம் என்று நினைப்பார்களோ என்று பங்காரு பயப்படுகிறான்.

பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கையை விட்டுவிட்டு நிற்கப் பார்க்கிறாள், தொப்பென்று உட்காருகிறாள், அழாமல் சிரிக்கிறாள். முன்பல் இரண்டு வந்திருக்கிறது. யாரைப் பார்த்தாலும் சிரிப்புத்தான். காலையில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எதிர் வீட்டு கோமளவல்லி அக்கா கன்னத்தைக் கிள்ளி, "அப்பனை உரிச்சி வெச்சிகினு கீறா, அப்பன் ஜாடையில பொண்ணு பொறந்தா அதிர்ஷ்டம்டி" என்றார்கள். இதே வார்த்தையைப் பிறந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப் போயிருக்கிறேன். இன்றைக்கு அதைக் கேட்டதும் கை தானாக முந்தானையை இழுத்து அவள் முகத்தை மூடிவிட்டது. கம்பத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தோம். பாப்பா விளையாட்டென்று நினைத்து முந்தானையை விலக்கி, மேலே பார்த்துச் சிரித்தாள். நான் திரும்ப மூடினேன். அவள் திரும்ப விலக்கினாள். பெற்ற குழந்தையின் முகத்தை நடுத்தெருவில் மறைத்துக்கொண்டு நிற்கிறோமே என்று அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து திருஷ்டிப் பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். பொட்டுக்கு மெஷின் பயப்படுமா என்று ராஜீவிடம் கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் ஏதாவது சொல்வான்.

நீங்கள் அனுப்பின மஞ்சள் கவுனைப் போட்டுப் பார்த்தேன். அளவு கச்சிதம், கை மட்டும் கொஞ்சம் நீளம், மடித்துத் தைத்துவிட்டேன். அதைப் போட்டு நிற்க வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். போனை எடுத்தேன், அவளும் பார்த்துச் சிரித்தாள், அப்படியே கீழே வைத்துவிட்டேன். அனுப்பவில்லை என்று கோபிக்காதீர்கள். என்னால் முடியவில்லை.

வராதீர்கள் என்று எழுதத்தான் நேற்று உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதியும் அந்த ஒரு வார்த்தை பேனாவில் வரவில்லை. டிக்கெட்டை நானும் ரத்து பண்ணச் சொல்லவில்லை, பாருங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் வேண்டாம். அரக்கோணத்தில் இறங்கி லோக்கல் ரயிலில் வாருங்கள், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன், ரயில் ஸ்டேஷனைச் சொல்கிறேன். மற்ற ஸ்டேஷனுக்குப் போக வேண்டி வந்தால் அங்கேயும் கூடவே வருகிறேன். இந்தத் தடவை ஆல்பம் எடுத்து வரமாட்டேன்.

திருத்தணியான் உங்கள் மேல் வேறு யார் கண்ணும் படாமல் கூட்டி வரட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள். அங்கே யாராவது உங்களைப் போட்டோ எடுத்தால் சிரிக்காதீர்கள் பாவா. அந்தச் சிரிப்பைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வாருங்கள், இங்கே ஒருத்தி இரண்டே பல்லில் அதே சிரிப்பை வைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள்
தேவயானி